வாசகர் கேள்வி–பதில்: 'பிளீக் ஹவுஸ்' தொடரின் பின்னால் இருந்தவர்கள்

சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1852 மார்ச் முதல் 1853 செப்டம்பர் வரை மாதந்தோறும் எழுதி வெளியிட்ட 'பிளீக் ஹவுஸ்' நாவலை, பிபிசி நிறுவனம் 2005ஆம் ஆண்டின் இறுதியில் 15 பகுதிகள் கொண்ட தொடராக ஒளிபரப்பியது. தலைமுறை தலைமுறையாக முடிவுக்கு வராமல் இழுபடும் ஓர் உயில் வழக்கு, அதன் நிழலில் வாழும் எஸ்தர், ஏடா, ரிச்சர்ட் என்னும் மூன்று இளையவர்கள், லேடி டெட்லாக் என்ற சீமாட்டி மறைத்து வைத்திருக்கும் பழைய இரகசியம், அதை மோப்பம் பிடித்துக்கொண்டே வரும் வழக்கறிஞர் டல்கிங்ஹார்ன் என்று விரிந்து செல்லும் கதை அது. அத்தொடரைப் பார்த்த வாசகர்கள் அதன் உருவாக்கம் பற்றிக் கேட்டவற்றை மட்டும் இந்த இதழில் சேர்த்துத் தந்திருக்கிறேன்.

கேள்வி: தொடரின் முகப்பில் திரைக்கதை, இயக்கம், தயாரிப்பு என்று பல பெயர்கள் வருகின்றன. திரைப்படமாக இருந்தால் இயக்குநரின் படைப்பு என்று சொல்லிவிடுகிறோம். இதை யாருடைய படைப்பு என்று சொல்வது? (வாசகர், மதுரை)

பதில்: பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் இயக்குநரைவிட எழுத்தாளரின் பெயருக்கே மதிப்பு அதிகம். அதனால் இதைத் திரைக்கதை எழுதிய ஆண்ட்ரூ டேவிஸின் 'பிளீக் ஹவுஸ்' என்று சொல்பவர்களே பெரும்பான்மையினர். அது தவறில்லை. ஆனால் அவர் எழுத உட்காருவதற்கு முன்பே ஒரு முடிவு எடுக்கப்பட்டிருந்தது. தொடரின் தன்மையைத் தீர்மானித்தது அந்த முடிவுதான் என்பது என் கருத்து.

பழைய நாவல்களைத் தொடராக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை இரவில், வாரத்துக்கு ஒன்றாக, ஒரு மணி நேரப் பகுதிகளாக ஒளிபரப்புவது பிபிசியில் நெடுநாள் வழக்கம். தயாரிப்பாளர் நைஜல் ஸ்டாஃபோர்ட்-கிளார்க்கும் பிபிசியும் இந்தத் தொடருக்கு அந்த வழக்கத்தைக் கைவிட்டார்கள். முதல் பகுதி மட்டும் ஒரு மணி நேரம்; மீதி 14 பகுதிகளும் தலா அரை மணி நேரம். 2005 அக்டோபர் 27 முதல் டிசம்பர் 16 வரை வியாழன், வெள்ளி இரவுகளில், 'ஈஸ்ட்எண்டர்ஸ்' என்னும் புகழ்பெற்ற நெடுந்தொடர் முடிந்த கையோடு இது தொடங்கும். டிக்கன்ஸைப் படித்திராத, படிக்கும் எண்ணமும் இல்லாத பார்வையாளர்கள் அலைவரிசையை மாற்றாமல் அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதே நோக்கம்.

கூட்டிப் பார்த்தால் மொத்தம் 8 மணி நேரம். அதை எட்டாகப் பிரித்தால் எட்டு முடிவுகள் போதும். பதினைந்தாகப் பிரித்தால் 'தொடரும்' என்று போட மட்டுமே 14 இடங்கள் தேவைப்படும். அந்த ஒவ்வோர் இடத்திலும் பார்வையாளருக்குப் படபடப்பு ஏற்பட்டாக வேண்டும். அரை மணி நேரத்துக்குள் நான்கைந்து கதை இழைகள் நகர வேண்டுமென்றால் காட்சிகள் குறுகியாக வேண்டும். காட்சிகள் குறுகினால், ஒருவர் உள்ளே நுழைந்தவுடனேயே அவர் யார் என்று நினைவுக்கு வரக்கூடிய முகங்களும் குரல்களும் தேவை. கேமரா விரைந்து நகர வேண்டியதும், படத்தொகுப்பு வெட்டி வெட்டிச் செல்வதும்கூட அதிலிருந்தே பிறந்தவை. நேரத்தைப் பங்கு போட்டவர்களுக்கு முதலிடத்தையும் டேவிஸுக்கு அதற்கு அடுத்த இடத்தையும் நான் கொடுப்பேன். டேவிஸின் இரசிகர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பதும் தெரியும்.

கேள்வி: உலக இலக்கியத்தில் இடம்பெற்ற ஒரு நாவலை மாலை நேர நெடுந்தொடர்போல நறுக்கியது டிக்கன்ஸை மலிவாக்குவது ஆகாதா? (வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: அந்த நாவல் பிறந்ததே துண்டு துண்டாகத்தான். ஒரு ஷில்லிங் விலையில், 32 பக்கக் கதை, 'ஃபிஸ்' என்ற புனைபெயரில் வரைந்த ஹாப்லட் நைட் பிரவுனின் இரண்டு படங்கள், முன்னும் பின்னும் விளம்பரங்கள் என்று மாதம் ஒரு சிறு இதழாக அது விற்பனைக்கு வந்தது. கடைசி இதழ் மட்டும் இரண்டு இதழ்கள் சேர்ந்தது. ஆகவே 20 பாகங்கள், 19 மாதங்கள். மாதந்தோறும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றன. அடுத்த மாதத்துக்கான பகுதியை எழுதி முடிக்காத நிலையிலேயே நடப்பு மாதப் பகுதியை அச்சுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார் டிக்கன்ஸ். வார இதழ்த் தொடர்கதைக்காகக் காத்திருந்து பழகிய தமிழ் வாசகர்களுக்கு இதில் வியப்பு எதுவும் இருக்காது.

ஆனால், டிக்கன்ஸ் இன்று உயிரோடு இருந்தால் தொலைக்காட்சி நெடுந்தொடர்தான் எழுதியிருப்பார் என்று அடிக்கடி சொல்லப்படுவதை நான் ஏற்கவில்லை. நெடுந்தொடருக்கு முடிவு என்பது கிடையாது. 'ஈஸ்ட்எண்டர்ஸ்' 1985 பிப்ரவரியில் தொடங்கி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் எழுதுபவர்கள் மாறுவார்கள், பாத்திரங்கள் வந்து போவார்கள், கதை எங்கே போய்ச் சேரும் என்று எவருக்கும் தெரியாது. டிக்கன்ஸோ 20 பாகங்களில் முடியப்போகும் கதையைத்தான் எழுதத் தொடங்கினார். ஒவ்வொரு பாகத்துக்கும் அவர் எழுதி வைத்துக்கொண்ட திட்டக் குறிப்புகள் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. யாரை இந்த மாதம் கொண்டுவருவது, எதைத் தள்ளிப்போடுவது என்று தன்னையே கேட்டுத் தானே பதில் எழுதிக்கொண்ட தாள்கள் அவை. 2005இன் தொடரும் முடிவு தெரிந்த கதைதான். நெடுந்தொடரிடமிருந்து அது எடுத்துக்கொண்டது நேரத்தையும் அளவையும் மட்டுமே, முடிவில்லாமையை எடுத்துக்கொள்ளவில்லை.

கேள்வி: ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரிஜுடிஸ்' தொடரை எழுதிய ஆண்ட்ரூ டேவிஸ்தானா இவர்? 67 அத்தியாயங்கள் கொண்ட நாவலில் எதை விட்டார், எதைச் சேர்த்தார்? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: அவரேதான். 1936இல் வேல்ஸ் நாட்டின் கார்டிஃபில் பிறந்தவர். பல ஆண்டுகள் இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டே எழுதியவர். 1990இல் 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்', 1994இல் ஜார்ஜ் எலியட்டின் 'மிடில்மார்ச்', 1995இல் நீங்கள் சொல்லும் ஆஸ்டின் தொடர், 1999இல் எலிசபெத் காஸ்கெல்லின் 'வைவ்ஸ் அண்ட் டாட்டர்ஸ்' என்று அவர் கைபட்ட நாவல்கள் பல. காஸ்கெல் அந்தக் கடைசி நாவலை முடிக்கும் முன்பே 1865இல் இறந்துவிட்டதால், அதற்கான முடிவை டேவிஸே எழுத வேண்டியிருந்தது. 2001இல் அவர் ஆண்டனி டிரோலப்பின் 'தி வே வீ லிவ் நவ்' நாவலைத் தொடராக்கியபோது தயாரிப்பாளராக இருந்தவர் இதே ஸ்டாஃபோர்ட்-கிளார்க். இருவரும் ஒருவரையொருவர் நன்கு அறிந்த பின்னரே டிக்கன்ஸிடம் வந்தார்கள்.

அவர் எதிர்கொண்ட முதல் சிக்கல் நாவலின் அமைப்பிலேயே இருந்தது. கதையின் ஒரு பாதியை எஸ்தர் தன் கூற்றாக, நடந்து முடிந்ததை நினைவுகூர்வதாகச் சொல்கிறாள். மறு பாதியைப் பெயரில்லாத ஒரு கதைசொல்லி, எல்லாம் இப்போதே கண்முன் நடப்பதுபோல நிகழ்காலத்தில் சொல்கிறான். லண்டன் மூடுபனியையும், உயில் வழக்கு நடக்கும் சான்சரி நீதிமன்றத்தையும் ஒன்றாக்கிக் காட்டும் புகழ்பெற்ற தொடக்கம் அவனுடையது. டேவிஸ் இந்த இரண்டு கூற்றுகளையுமே நீக்கிவிட்டார்; தொடரில் பின்னணிக் குரல் கிடையாது. பனிமூட்டத்தை வருணிப்பதற்குப் பதிலாக, கொட்டும் மழையில் கோச்சு வண்டி ஏறும் எஸ்தரோடு தொடர் தொடங்குகிறது. கதை யாருடையது என்பதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடும் வேலை அது. நாவலின் எஸ்தர் தன்னடக்கத்தைச் சற்று மிகையாகவே காட்டிக்கொள்பவள் என்று அவளைப் பிடிக்காத வாசகர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. தொடரில் அவள் தன்னைப் பற்றித் தானே பேச வாய்ப்பில்லாததால், அந்தக் குறை தானாகவே உதிர்ந்துவிட்டது.

இழப்பும் உண்டு. தெருவைக் கூட்டிப் பிழைக்கும் ஜோ என்னும் சிறுவன் இறக்கும் இடத்தில், நாவலின் கதைசொல்லி அரசியையும் பிரபுக்களையும் மதகுருமாரையும் நேராக விளித்துச் சினந்து பேசுவான். ஆங்கில நாவல்களில் அதற்கு ஈடான கோபத்தை நான் அதிகம் கண்டதில்லை. தொடரில் அந்தக் கோபத்தைச் சுமக்க ஆள் இல்லை. இரக்கம் மிஞ்சுகிறது, குற்றச்சாட்டு காணாமல் போகிறது.

விட்ட பாத்திரங்களில் எழுதுபொருள் கடைக்காரர் ஸ்நாக்ஸ்பியின் சந்தேகம் பிடித்த மனைவியும், பழைய இராணுவ வீரர் பேக்னட்டின் குடும்பமும் முக்கியமானவர்கள். சேர்த்தவர்களில் முக்கியமானவர் டல்கிங்ஹார்னின் குமாஸ்தாவாக வரும் கிளாம். நாவலில் இப்படி ஒருவர் கிடையாது. நாவலின் டல்கிங்ஹார்ன் வாய் திறக்காத மனிதர். அவர் என்ன நினைக்கிறார் என்பதைக் கதைசொல்லிதான் ஊகித்துச் சொல்ல வேண்டும். கதைசொல்லியை நீக்கிய பின், அவர் தன் சூழ்ச்சியை யாரிடமாவது சொல்லியாக வேண்டுமே! அதற்காகப் படைக்கப்பட்ட காதுதான் கிளாம். டாம் ஜார்ஜ்சன் அந்த வேடத்தை அலட்டிக்கொள்ளாமல் செய்திருப்பதால், அவர் டிக்கன்ஸ் படைத்த பாத்திரம் அல்ல என்று சொன்னால் நம்பாதவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: தொலைக்காட்சிக்கு முன்பு இந்த நாவல் நாடகமாகவோ படமாகவோ வந்திருக்கிறதா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: பலமுறை வந்திருக்கிறது. எப்படி வந்தது என்பதும் மேலே சொன்ன நேரப் பங்கீட்டுக்குச் சான்றாக இருக்கிறது. 1870களில் ஜே. பி. பர்னெட் எழுதிய 'ஜோ' என்ற நாடகத்தில் ஜென்னி லீ என்ற நடிகை அந்தத் தெருச் சிறுவனாக நடித்து லண்டனில் பெரும்புகழ் பெற்றார். அதே காலத்தில் அமெரிக்க மேடைகளில் ஃபேன்னி ஜனாஷெக் என்ற நடிகை, சீமாட்டி லேடி டெட்லாக், அவருடைய பிரெஞ்சுப் பணிப்பெண் ஹார்டன்ஸ் ஆகிய இரு வேடங்களையும் ஒருவராகவே ஏற்று நடித்தார். ஓர் இரவுக்குள் முடிய வேண்டிய நாடகத்தில் ஒருவருடைய கதைக்குத்தான் இடம் இருக்கும். ஜோ இருந்தால் சீமாட்டி ஒதுங்க வேண்டும், சீமாட்டி வந்தால் ஜோ ஒதுங்க வேண்டும். 1901இல் எடுக்கப்பட்ட, ஏறத்தாழ ஒரே நிமிடம் ஓடும் ஊமைப்படம் ஒன்றிலும் இருப்பது ஜோவின் சாவு மட்டுமே. பல ஆண்டுகள் அறியப்படாமல் கிடந்த அப்படச்சுருள் 2012இல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் காப்பகத்தில் அடையாளம் காணப்பட்டது. டிக்கன்ஸின் பாத்திரம் ஒன்று தோன்றும் படங்களில் இன்று எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது அதுவே. 1920இல் மாரிஸ் எல்வி இயக்கிய முழுநீள ஊமைப்படத்தில் கான்ஸ்டன்ஸ் கோலியர் லேடி டெட்லாக்காக நடித்தார்.

கேள்வி: 1985இல் பிபிசியே எடுத்த தொடர் இதைவிடச் சிறந்தது என்று என் பேராசிரியர் சொல்வார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? (வாசகி, திருச்சி)

பதில்: உங்கள் பேராசிரியரின் கட்சியில் பலர் இருக்கிறார்கள். இந்த நாவலை பிபிசி மூன்று முறை தொடராக்கியது. 1959இல் கான்ஸ்டன்ஸ் காக்ஸ் எழுத்தில் அரை மணி நேரப் பகுதிகள் 11 வந்தன. அரை மணி நேரம் என்பது அப்படியொன்றும் புதிய கண்டுபிடிப்பு அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன். 1985இன் தொடர் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைந்த எட்டுப் பகுதிகள் கொண்டது. அதை எழுதிய ஆர்தர் ஹாப்கிராஃப்ட் கால்பந்து பற்றி எழுதிப் பெயர் பெற்ற பத்திரிகையாளர். 1979இல் ஜான் லெ காரேயின் உளவு நாவலைத் தொலைக்காட்சிக்காக எழுதியவரும் அவரே. இயக்கிய ராஸ் டெவனிஷ் தென்னாப்பிரிக்கர். நாடகாசிரியர் ஆதல் ஃபுகார்டுடன் சேர்ந்து படங்கள் எடுத்தவர். டயானா ரிக் லேடி டெட்லாக்காகவும், டென்ஹோம் எலியட் அந்த மூன்று இளையவர்களின் பாதுகாவலரான ஜான் ஜார்ண்டைஸாகவும், பீட்டர் வான் டல்கிங்ஹார்னாகவும் நடித்தார்கள்.

மொத்த நேரத்தில் இரண்டு தொடர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. எட்டாகப் பிரிப்பதற்கும் பதினைந்தாகப் பிரிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் தெளிவாகக் காணலாம். 1985இன் தொடரில் மௌனத்துக்கு இடம் இருக்கிறது. சேறும் புகையும் படிந்த லண்டனை நின்று பார்க்க அவகாசம் தருகிறார் டெவனிஷ். சான்சரி நீதிமன்றத்தின் சலிப்பு நம்மீதும் படிகிறது. வழக்கின் பளுவை உணர 1985. மனிதர்களின் கூட்டத்தையும் கதையின் ஓட்டத்தையும் உணர 2005. ஜார்ண்டைஸைப் பொறுத்தவரை டென்ஹோம் எலியட்டின் பக்கம்தான் நான். 2005இல் அந்த வேடத்தை டெனிஸ் லாசன் நன்றாகவே செய்திருக்கிறார் என்றாலும், தன் நல்ல குணத்தைப் பற்றித் தானே கூச்சப்படும் அந்த மனிதரின் நெளிவு எலியட்டிடம் கூடுதலாக இருக்கிறது.

கேள்வி: ஒரே தொடருக்கு இரண்டு இயக்குநர்கள் எப்படி? காட்சிக்குக் காட்சி இடி இடிப்பதுபோல ஓர் ஓசையோடு கேமரா பாய்வது எதற்காக? (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: எட்டு மணி நேரத் தொடரை ஒருவரே படமாக்கி, ஒருவரே படத்தொகுப்பு அறையிலும் உட்கார்ந்திருந்தால் ஒளிபரப்பு நாளுக்குள் வேலை முடியாது. அதனால் பகுதிகளைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து, ஒருவர் தம் தொகுதியின் படத்தொகுப்பில் இருக்கும்போது மற்றவர் படப்பிடிப்பைத் தொடர்வது பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் பொதுவான நடைமுறை. இங்கே அவ்விருவர் ஜஸ்டின் சாட்விக், சுசானா ஒயிட். தொடக்கப் பகுதிகளை இயக்கியவர் சாட்விக். அவர் போட்ட பாதையில்தான் மற்றவை நடந்தன. பின்னாளில் அவர் 'தி அதர் போலின் கேர்ள்', நெல்சன் மண்டேலாவின் வாழ்க்கைப் படம் ஆகியவற்றை இயக்கினார். சுசானா ஒயிட் மறு ஆண்டே 'ஜேன் அயர்' தொடரை பிபிசிக்காக இயக்கி, பிறகு இராக் போர் பற்றிய 'ஜெனரேஷன் கில்' தொடரிலும் பணியாற்றினார்.

ஒளிப்பதிவு கீரன் மெக்விகன். உயர்தெளிவு டிஜிட்டல் கேமராவில் எடுக்கப்பட்ட இத்தொடரில் கேமரா ஓரிடத்தில் நிற்பதில்லை. கதவிடுக்கு, தூண், யாருடைய தோளாவது என்று எதன் பின்னாலாவது நின்று எட்டிப் பார்க்கிறது. எல்லாரும் எல்லாரையும் வேவு பார்க்கும் கதைக்கு இந்த எட்டிப் பார்த்தல் பொருத்தமானது. வெளிச்சத்தைக் குறைத்து முகங்களை இருளுக்குள் அமிழ்த்தும் முறைக்கு நாவலின் மூல ஓவியங்களிலேயே முன்மாதிரி இருக்கிறது. பிரவுன் இந்த நாவலுக்கு வரைந்த படங்களுள் பத்து, தகட்டில் முன்கூட்டியே நெருக்கமான கோடுகளை இழுத்து இருளை உண்டாக்கிச் செய்யப்பட்டவை; அவற்றுள் சிலவற்றில் மனித உருவமே இல்லை.

நீங்கள் கேட்ட அந்தப் பாய்ச்சல், ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாறும்போது கட்டடத்தின் வெளித்தோற்றத்தை மூன்று வெட்டுகளில் கிட்டே கொண்டுவரும் உத்தி. அரை மணி நேரத்துக்குள் லண்டன் வழக்கறிஞர் அறை, லிங்கன்ஷையர் மாளிகை, சேரி என்று மாறி மாறிப் போக வேண்டியிருப்பதால், 'இடம் மாறிவிட்டது' என்று பார்வையாளருக்கு உடனே உணர்த்த வேண்டிய தேவை புரிகிறது. முதல் இரண்டு பகுதிகளில் அது விறுவிறுப்பாகவும் இருக்கிறது. ஆனால் பதினைந்து பகுதிகளிலும் விடாமல் அதையே செய்தால் காது வலிக்கும். ஒளிபரப்பில் வாரத்துக்கு இருமுறை பார்த்தவர்களைவிட, இன்று ஒரே மூச்சில் பார்ப்பவர்களுக்கு எரிச்சல் கூடுதலாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: அமெரிக்க அறிவியல் புனைவுத் தொடரில் துப்பறிந்த கிலியன் ஆண்டர்சனுக்கு ஆங்கிலேயச் சீமாட்டி வேடத்தை எப்படிக் கொடுத்தார்கள்? மற்ற நடிகர்களைப் பற்றியும் எழுதுங்கள். (வாசகி, சென்னை)

பதில்: அவர் பிறந்தது சிகாகோவில் என்றாலும், சிறுவயதில் பல ஆண்டுகள் வளர்ந்தது லண்டனில். அதனால் ஆங்கிலேய உச்சரிப்பு அவருக்கு இரவல் குரல் அன்று. 'தி எக்ஸ் ஃபைல்ஸ்' 2002இல் முடிந்த பிறகு லண்டனில் குடியேறி மேடையில் நடித்துக்கொண்டிருந்தவரைத்தான் இந்த வேடம் தேடி வந்தது. லேடி டெட்லாக் எல்லாவற்றிலும் சலித்துப் போனவளாகத் தோற்றம் தருபவள். அந்தச் சலிப்பே அவளுடைய கவசம். ஆண்டர்சன் தொடக்கப் பகுதிகளில் ஏறத்தாழ அசைவதே இல்லை. ஜன்னலோரம் நிற்கிறார், மழையைப் பார்க்கிறார், ஓரிரு சொல் பேசுகிறார். ஒரு சட்ட ஆவணத்தில் பழகிய கையெழுத்தைக் கண்டு அவர் திடுக்கிடும் கணம் பெரிதாகத் தெரிவதற்கு, அதுவரை அவர் அசையாமல் இருந்ததே காரணம்.

எதிரே சார்ல்ஸ் டான்ஸ். 1984இல் வெளிவந்த, ஆங்கிலேய ஆட்சியின் இறுதி ஆண்டுகளைப் பற்றிய, இந்தியாவிலும் படமாக்கப்பட்ட 'தி ஜுவல் இன் தி கிரவுன்' தொடரில் அவரை நல்லவராகப் பார்த்தவர்களுக்கு டல்கிங்ஹார்ன் அதிர்ச்சியாக இருந்திருப்பார். நாவலின் டல்கிங்ஹார்ன் பழுப்பேறிய, மங்கலான கிழவர். டான்ஸ் உயரமும் மிடுக்கும் கொண்ட அச்சுறுத்தல். நாவலிலிருந்து விலகியது என்றாலும், பலன் தந்த விலகல் அது. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரில் டைவின் லானிஸ்டராக அவரைப் பார்த்துவிட்டு இதற்கு வருபவர்கள் அந்தக் குளிர்ந்த குரலை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

எஸ்தராக நடித்த அன்னா மேக்ஸ்வெல் மார்ட்டின் அப்போது மேடை இரசிகர்களுக்கு மட்டுமே தெரிந்தவர். 2006இல் பிரிட்டனின் திரை, தொலைக்காட்சி விருதான பாஃப்டாவின் சிறந்த நடிகை விருதுக்கு அவரும் ஆண்டர்சனும் ஒரே தொடரிலிருந்து போட்டியிட்டார்கள். விருது மார்ட்டினுக்குப் போனது. தொடரைத் தாங்கும் தூண் யார் என்பதை நடுவர்கள் சரியாகவே கண்டார்கள். ஏடாவாக வந்த கேரி மல்லிகனுக்கு அதுவே முதல் தொலைக்காட்சிக் காலம். நான்கே ஆண்டுகளில் 'ஆன் எஜுகேஷன்' படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை வரை சென்றார்.

ஆனால் இந்தத் தொடரின் உண்மையான விருந்து சிறு வேடங்களில்தான் இருக்கிறது. எஸ்தரிடம் வழக்கு மனு தாக்கல் செய்வதுபோலக் காதலைத் தாக்கல் செய்யும் குமாஸ்தா கப்பியாக பர்ன் கோர்மன். நாற்காலியோடு தூக்கிவரப்பட்டு, வந்த இடத்திலெல்லாம் விஷம் கக்கும் வட்டிக்கடைக் கிழவன் ஸ்மால்வீட்டாக ஃபில் டேவிஸ். வழக்கு முடியும் நாளுக்காகப் பறவைகளைக் கூண்டில் வளர்க்கும் மிஸ் ஃப்ளைட்டாக பாலின் காலின்ஸ். குழந்தை மனம் என்ற பெயரில் பிறர் காசில் வாழும் ஸ்கிம்போலாக நதானியல் பார்க்கர். இன்ஸ்பெக்டர் பக்கெட்டாக ஆலன் ஆம்ஸ்ட்ராங். நகைச்சுவை மேடைகளிலிருந்து ஜானி வேகஸ், கேத்தரின் டேட், அலிஸ்டர் மெகோவன் போன்றவர்களையும் அழைத்து வந்திருந்தார்கள். இது கூட்டம் சேர்ப்பதற்கான உத்தி என்று அப்போது முணுமுணுத்தவர்கள் உண்டு. அரை நிமிடத்தில் ஒரு மனிதரை முழுதாக நிறுத்திக் காட்டுவது நகைச்சுவைக் கலைஞர்களின் தொழில். டிக்கன்ஸுக்கு வேண்டியதும் அதுவே. தலைமை நீதிபதியான சான்சலராக இயன் ரிச்சர்ட்சன் வந்து போவது டேவிஸின் இரசிகர்களுக்கு ஒரு சிறு கண் சிமிட்டல். டேவிஸ் எழுதிய 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' தொடரின் சூழ்ச்சிக்கார அரசியல்வாதி அவர்தான்.

கேள்வி: எங்கே படமாக்கினார்கள்? உடை, இசை ஆகியவற்றுக்குப் பொறுப்பானவர்கள் யார்? (வாசகர், சேலம்)

பதில்: லேடி டெட்லாக்கின் செஸ்னி வோல்ட் மாளிகையாகக் காட்டப்படுவது கென்ட் மாவட்டத்தின் காபம் ஹால். டிக்கன்ஸ் மனத்தில் வைத்து எழுதியது நார்தாம்ப்டன்ஷையரில் உள்ள ராக்கிங்கம் கோட்டையை. இருந்தாலும் காபமுக்கும் அவருக்கும் உறவு உண்டு. அவருடைய இறுதிக்கால வீடான காட்ஸ் ஹில்லுக்கு அருகில் உள்ள அந்தப் பூங்காவில் நடப்பது அவருக்கு மிகவும் பிடித்தமானது. 1870இல் இறப்பதற்கு ஓரிரு நாள் முன்பும் அங்கே நடந்திருக்கிறார். ஜார்ண்டைஸின் பிளீக் ஹவுஸாக வருவது எசெக்ஸில் உள்ள இங்கட்ஸ்டோன் ஹால். ஹெர்ட்ஃபோர்ட்ஷையரின் பால்ஸ் பார்க்கிலும் படப்பிடிப்பு நடந்தது. செலவு சுமார் 80 இலட்சம் பவுண்டு என்று அப்போது செய்தி வந்தது. எட்டு மணி நேரத்துக்கும் அவ்வளவு நடிகர்களுக்கும் அது பெரிய தொகை அல்ல.

தயாரிப்பு வடிவமைப்பு சைமன் எலியட். உடை வடிவமைத்தவர் ஆண்ட்ரியா கேலர். குரூக்கின் பழைய சாமான் கடையில் குவிந்து கிடக்கும் தாள்களையும் எலும்புகளையும் பாருங்கள். சான்சரியின் கேலிச்சித்திரமாக டிக்கன்ஸ் படைத்த இடம் அது, எலியட் அதில் கஞ்சத்தனம் காட்டவில்லை. இசை ஜான் லன். ஐந்து ஆண்டுகள் கழித்து 'டவுன்டன் ஆபி'க்கு இசையமைத்து உலகெங்கும் அறியப்பட்டவர்.

கேள்வி: கொலை செய்தது யார் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள், தொடரைப் பார்க்க நேரமில்லை. (வாசகர், ஈரோடு)

பதில்: 15 பகுதிகளின் உழைப்பையும் ஒரு வரியில் வீணாக்க மனம் வரவில்லை. கொலையுண்டவர் யார் என்பதைக்கூடச் சொல்லப் போவதில்லை.

கேள்வி: இந்த அரை மணி நேர முறை வெற்றி பெற்றது என்றால், பிறகு ஏன் எல்லா நாவல்களையும் அப்படி எடுக்கவில்லை? (வாசகி, பெங்களூரு)

பதில்: வெற்றி பெற்றது உண்மைதான், பாஃப்டாவின் சிறந்த நாடகத் தொடர் விருதும் கிடைத்தது. ஆனால் எல்லா நாவலும் இந்தப் பங்கீட்டைத் தாங்காது. பாத்திரக் கூட்டமும், ஒன்றோடொன்று பின்னிய பல இழைகளும், ஒவ்வொரு பாகத்திலும் ஒரு திருப்பமும் இருந்தால்தான் 14 முறை 'தொடரும்' போட முடியும். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒருவரையொருவர் மெல்லப் புரிந்துகொள்ளும் நாவலை அப்படி நறுக்கினால் கையில் எதுவும் மிஞ்சாது.

டிக்கன்ஸிடமே அதை மீண்டும் இரண்டு முறை சோதித்தார்கள். 2008இல் டேவிஸ் எழுத்தில் 'லிட்டில் டாரிட்' 14 பகுதிகளாக வந்தது. கடன்காரர் சிறையில் வளர்ந்த பெண்ணாக கிளேர் ஃபோய் நடித்த அத்தொடர் மறு ஆண்டு அமெரிக்காவின் எம்மி விருதுகளில் சிறந்த குறுந்தொடருக்கானது உட்பட ஏழு விருதுகளைப் பெற்றது. அதன் பிறகு 2015 டிசம்பரில் பிபிசி தொடங்கிய 'டிக்கன்சியன்' இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 'ஈஸ்ட்எண்டர்ஸ்' தொடருக்குப் பல ஆண்டுகள் எழுதிய டோனி ஜோர்டன், டிக்கன்ஸின் வெவ்வேறு நாவல்களின் மனிதர்களை ஒரே தெருவில் குடியேற்றி, அவர்களுடைய நாவல்கள் தொடங்குவதற்கு முந்தைய கதையை அரை மணி நேரப் பகுதிகள் இருபதில் எழுதினார். இன்ஸ்பெக்டர் பக்கெட்டாக ஸ்டீஃபன் ரேயா நடித்தார். லேடி டெட்லாக் ஆவதற்கு முந்தைய இளம் ஹனோரியாவும் அதில் உண்டு. தன் காதலை இழந்து, வயது முதிர்ந்த பிரபுவை அவள் ஏற்கும் இடம் வரை கதை போகிறது. டிக்கன்ஸின் மனிதர்களை முடிவில்லாத நெடுந்தொடராகவே நடத்திவிடலாம் என்ற எண்ணத்துக்கு மிக அருகில் சென்ற முயற்சி அது. முதல் பருவத்தோடு பிபிசி அதை நிறுத்திவிட்டது.